முன்பணம் கொடுப்பதற்கு முன் அம்மம்மாவின் பெட்டியைத் திறவுங்கள்

கேள்வி: அக்கா, நான் தென் மாவட்டம் ஒன்றில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 1998இல் பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு மன்னார், 1990இல் படகில் வந்தவர். அம்மாவும் அதே வருடம் வவுனியாவிலிருந்து வந்தார். ஆனால் அம்மா 1974இல் மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகுதான் தாத்தாவும் அம்மம்மாவும் வவுனியாவுக்கு வந்தார்களாம். தம்பி 2002இல் பிறந்தவன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறான். கனடாவுக்குப் படகு போகிறது, தலைக்கு ஆறு லட்சம், மாதக் கடைசிக்குள் ஒரு லட்சம் முன்பணம் என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பா பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். அப்பாவோ எல்லாரும் ஊருக்கே போய்விடலாம் என்கிறார். இந்த ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். கட்டினால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எது எங்களுக்குப் பாதுகாப்பு?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாதக் கடைசி நெருங்குவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். பாதி தருகிறேன், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றும் பேச வேண்டாம். முகாம் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, இந்த ஆறு லட்சத்தைவிடப் பெரிய கதவைத் திறக்கக்கூடியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படகு.

2021இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு என்று ஒரு மீன்பிடிப் படகு கிளம்பியது. அதில் 89 பேர். குழந்தைகளும் இருந்தார்கள். பலர் இங்குள்ள முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள். நடுக்கடலில் படகு பழுதாகி, பிரிட்டிஷ் கடற்படை அவர்களை இந்தியப் பெருங்கடலில் உள்ள தியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு அது. வேலி போட்ட ஒரு சிறு இடத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார்கள். கூடாரத்துக்குள் எலி. வேலிக்கு வெளியே போகக் காவலாளி துணை வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் பலர் அப்படியே கிடந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவர்கள் உண்டு. மனம் வெறுத்து இலங்கைக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு. 2024 டிசம்பரில்தான் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் அந்தப் பகுதியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெயர்தான் சிறை இல்லை, மற்றபடி சிறையேதான் என்கிற பொருளில் நீதிபதி எழுதியிருக்கிறார்.

‘கடைசியில் பிரிட்டன் போய்ச் சேர்ந்துவிட்டார்களே அக்கா’ என்று தம்பி கேட்கக்கூடும். கேட்டால், நேராகவே பதில் சொல்லுங்கள். அவர்கள் பிழைத்தது ஏஜெண்ட் காட்டிய வழியால் இல்லை. கப்பல்காரர்கள் பார்த்துக் காப்பாற்றினார்கள், வழக்கறிஞர்கள் மூன்று வருடம் விடாமல் வழக்காடினார்கள். ஏஜெண்ட் கனடா என்று சொன்னார், ஒருவரும் அந்தப் படகில் கனடாவைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம், 2022 நவம்பரில், 303 இலங்கையர்களோடு கனடாவுக்குக் கிளம்பிய ஒரு பழைய கப்பல் நடுவழியில் தண்ணீர் ஏறித் தத்தளித்து, அவர்களை வியட்நாமில் கொண்டுபோய் இறக்க வேண்டியதாயிற்று. அதுவும் கனடா போகவில்லை.

பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் அது நடந்தது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். கனடா அவர்களை இருக்கவிட்டது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் போனபோது நிலைமை வேறு. பிள்ளைகளோடு போன தாய்மார்கள் உட்பட எல்லாரையும் காவலில் வைத்தார்கள், பல மாதங்கள் உள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. அதன் பிறகு 2012இல் சட்டத்தையே கடுமையாக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2013இலிருந்து படகுகளைத் திருப்பி அனுப்புகிறது. இதைப் பெரியப்பாவிடம் நீங்கள் பேசிப் புரியவைத்தால் நல்லது. அவர் தர நினைக்கும் மூன்று லட்சத்துக்கு வேறு உருப்படியான வேலை இருக்கிறது.

இன்னொன்று. கரையிலேயே பிடிபட்டால் ஏஜெண்ட் தலைமறைவாகிவிடுவார், வழக்கு தம்பி மேல் விழும். அப்புறம் வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாம் என்று போனால், அங்கிருந்து எப்போது வெளியே வருவார் என்று என்னால் நாள் குறித்துச் சொல்ல முடியாது.

சரி, இப்போது அந்த ஒரு வரி. அம்மா 1974இல் மலையகத் தோட்டத்தில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டே ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த ஒன்றரை லட்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, பதிவாகி, இந்தியக் கடவுச்சீட்டே வாங்கியும் கப்பலேறாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். 1984இல் ராமேசுவரம் – தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. இந்தியக் குடிமக்களாகப் பதிவானவர்களும் அவர்கள் பிள்ளைகளும் போரின்போது அகதிகளாகப் படகில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் அவர்களையும் ‘இலங்கை அகதி’ என்றே எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் தாத்தா அப்படி ஒருவராக இருந்தால்? அம்மா பிறப்பதற்கு முன்பே அவர் இந்தியக் குடிமகனாகப் பதிவாகியிருந்தால், வெளிநாட்டில் பிறந்த அம்மாவுக்கு வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை உண்டு. 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சட்டம் தந்தையின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. அதனால் அம்மம்மாவின் காகிதத்தைவிடத் தாத்தாவின் காகிதம் முக்கியம். அம்மா இந்தியக் குடிமகள் என்று நிலைநாட்டிவிட்டால் உங்கள் கதையே மாறிவிடும். ஏனென்றால் 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும், பிறப்பாலேயே குடியுரிமை. நீங்கள் 1998, தம்பி 2002. இரண்டு பேரும் அந்தக் காலத்துக்குள் வருகிறீர்கள்.

கிடைத்துவிடும் என்று உறுதி சொல்லவில்லை. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தாரா இலங்கைக்கா, பதிவு எந்தத் தேதி, எதுவும் நமக்கு இப்போது தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையைக் கடலில் அனுப்பக் கூடாது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து, அம்மம்மா கொண்டுவந்த பெட்டி எங்கே இருக்கிறதோ அதைத் திறவுங்கள். பழைய இந்தியக் கடவுச்சீட்டு, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் அனுப்பிய கடிதம், தோட்டத்துப் பிறப்புச் சீட்டு, தோட்டத்துத் துரையின் (மேலாளரின்) கையெழுத்துப் போட்ட வேலைச் சான்று, சேமலாப நிதிப் (பி.எஃப்.) புத்தகம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கரையான் அரித்த பாதிக் காகிதமாக இருந்தாலும் எண் தெரிகிறதா பாருங்கள். ஒரு எண் போதும், பழைய பதிவேட்டில் தேடச் சொல்லி மனுப்போட முடியும். அம்மாவின் சித்தப்பா பெரியப்பா யாராவது ஒப்பந்தத்தில் வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அவர்களுடைய குடும்ப அட்டையில் தாத்தாவின் பெயர் வந்திருக்கலாம்.

காகிதம் நேராக அமையாவிட்டாலும் வழி அடைத்துப் போய்விடவில்லை. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புத் தந்தது. அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. உடனே எல்லாருக்கும் குடியுரிமை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் எடுத்துக்காட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022இல் அதே மதுரைக் கிளை உத்தரவிட்டதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அவர் வழி வேறு, 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் பெற்றோர் யார் என்ற கேள்வியே எழவில்லை. உங்கள் முகாமில் அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. தாத்தாவின் விஷயம் தெளியும்வரை நீங்களும் தம்பியும் அம்மாவும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். இலங்கைக் குடியுரிமையை நீங்களாக வாங்கிக்கொண்டால், பிறப்பால் இந்தியர் என்ற உங்கள் வாதத்தை நீங்களே உடைப்பதாக ஆகிவிடும். முகாம்களில் பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுப் பிறகு வருகிறார்கள்.

தாத்தா வழியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்தால், அப்போது அப்பா வழிக்குப் போகலாம். அப்பா மன்னாரில் பிறந்த இலங்கைக் குடிமகன். அவருடைய பிள்ளைகளாக நீங்கள் இருவரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் வாங்கலாம், பிறகு கடவுச்சீட்டு. பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி, அபராதம் கட்டிப் பதியலாம். அதற்கு அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். மன்னார்க் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சொந்தக்காரர் யாராவது போய்க் கேட்டு வாங்கலாம். பதிவேடு போரில் அழிந்துபோயிருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூடச் சான்று இரண்டையும் வைத்துக் காலங்கடந்த பதிவுக்குப் போட வேண்டியிருக்கும். கையோடு உங்கள் இருவருடைய தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் முகாம் அட்டையில் ஒரு எழுத்தும் சான்றிதழில் வேறு எழுத்துமாக இருக்கும். எந்த நாட்டு வழியில் போனாலும் அங்கேதான் விண்ணப்பம் திரும்பி வரும். அதைத் திருத்துவதை நாளைக்கே தொடங்கலாம், அதற்கு எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கலியாண விஷயம். அவரைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், குடியுரிமைக்காக வேண்டாம். இந்தியரைத் திருமணம் செய்தவர் ஏழு வருடம் இங்கே வசித்த பிறகு பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று கருதப்படுபவர் அதில் விண்ணப்பிக்கவே முடியாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்த குடும்பங்களை அரசு அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த இந்து, கிறித்தவர் உள்ளிட்ட ஆறு மதத்தவருக்குத்தான் விலக்குத் தந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. இந்துவும் கிறித்தவரும் இலங்கையிலிருந்து வந்தவர்களிலும்தானே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை நியாயமான பதில் கிடைக்கவில்லை. இதில் உங்களைவிட உங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு ஒரு பெற்றோர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இதை அந்தப் பையனிடமும் அவர் வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கட்டிக்கொண்டால் திருமணத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தைப் பற்றி முகாமில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதன் கீழ் வந்த ஒரு விலக்கு உத்தரவுப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். நல்ல செய்தி, ஆனால் அது குடியுரிமை இல்லை. அந்தப் பாதுகாப்பு பதிவோடு சேர்ந்தது என்பதால், முகாம் பதிவில் உங்கள் நாலு பேர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் மாதச் சோதனையை யாரும் தவறவிட வேண்டாம்.

அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. அங்கே கடல் இருக்கிறது, அவருடைய காணி இருக்கிறது. இதுவரை ஆயிரக்கணக்கானோர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆனால் 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அப்படித் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். அன்று முறையான ஆவணமில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு! உயிருக்குப் பயந்து ஓடியவர் எந்த அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்க முடியும்? இது சரியாகும்வரை யாரும் சொந்தமாக டிக்கெட் எடுக்கவோ, கள்ளத்தனமாகத் தலைமன்னாருக்குப் படகேறவோ வேண்டாம். சென்னையிலுள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்திலும், 1984 முதல் முகாம்களில் வேலை செய்யும் ஓஃபர் அமைப்பிலும் இப்போது நிலைமை என்ன என்று கேட்டபிறகு முடிவெடுக்கலாம். அதற்குள் அப்பா செய்யக்கூடிய வேலை உண்டு. காணி உறுதி யாரிடம் இருக்கிறது, இப்போது அந்த நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று கிராம சேவையாளரிடம் விசாரிக்கச் சொல்லட்டும். எல்லாரும் ஒன்றாகப் போக வேண்டும், அல்லது ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பா ஊரிலும் பிள்ளைகள் இங்கேயுமாக வாழ்வது முகாம்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பழகிய விஷயம்.

கடைசியில் தம்பி. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன், எல்லாருடைய ஆசையும் எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேட்டீர்களா? கனடா வேண்டுமா, அல்லது பெயிண்ட் டப்பாவிலிருந்து தப்பித்தால் போதுமா? இரண்டும் வேறு வேறு. கூடப் படித்தவர்கள் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைக்குப் போக, அதே டிப்ளமோ வைத்திருக்கும் இவர் மட்டும் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அரசு வேலைக்குத்தான் குடியுரிமை கட்டாயம், தனியார் ஆலைக்குச் சட்டத்தில் அப்படி இல்லை. ஆள் எடுப்பவர்கள் முகாம் முகவரியைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, முகாம் அடையாள அட்டை மூன்றையும் வைத்து, வேறு மாவட்டத்தில் வேலைக்குத் தங்க அனுமதி கேட்டு, முகாமைக் கவனிக்கும் தனி வட்டாட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுக்கட்டும். வாயால் கேட்டால் வாயாலேயே முடியாது என்று சொல்லிவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் பணத்தில் ஒரு சி.என்.சி. பயிற்சியோ, தரச்சான்றோடு வெல்டிங் பயிற்சியோ முடித்தால் அந்த மனுவுக்கு வலு கூடும். பிறகு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு கைக்கு வந்தாலும், அந்தச் சான்றிதழை வைத்துக் கனடாவோ வளைகுடாவோ விமானத்திலேயே போகலாம்.

தாலிக்கொடியை அம்மாவிடமே இருக்கச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. நீங்களும் அம்மாவும் உங்கள் பெயரில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், என்னைப் போன்ற வழக்கறிஞராக இருந்தாலும் சரி. அந்த ஆள் மறுபடி முன்பணம் கேட்டு வந்தால், தம்பியின் விண்ணப்பம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். முகாமில் வேறு யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், படகு கிளம்புவதற்குள் அவர்களையும் கூட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போங்கள்.